கித்தாரின் கடலோசை: அலைச்சறுக்கு இசையும் ஒலிபெருக்கியின் காலங்களும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். ஆடலாசான் முதல் யாழாசிரியன் ஈறாகக் கலைஞர்தம் தகுதிகளை விரித்துரைக்கும் இளங்கோவடிகள் அவ்வளவில் நின்றுவிடவில்லை. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல் என அளவும் தந்து செல்கிறார். கலை என்பது கலைஞனின் விரல்நுனியில் மட்டும் பிறப்பதன்று. கருவியும் களமும் சேர்ந்தே அதற்கு உருவம் தருகின்றன என்னும் தெளிவு அங்கே புலப்படுகிறது.

இத்தெளிவோடு, நம் காலத்திற்கு அணித்தான ஓர் இசைவகையின் வரலாற்றை நோக்குவோம். 1960ஆம் ஆண்டுக்குப் பின், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தென்கரையில் இளைஞரிடையே தோன்றி, நான்கே ஆண்டுகளில் பொங்கித் தணிந்தது அலைச்சறுக்கு இசை. பலகை மீது நின்று கடலலையில் சறுக்கும் விளையாட்டு அதற்குப் பெயரைத் தந்தது. பாடற்சொற்கள் இன்றிக் கித்தாரையே பாடவைத்தது அதன் தனித்தன்மை. நீர் சொட்டுவது போலவும், குகைக்குள் அலை புகுந்து முழங்குவது போலவும் ஒலிக்கும் கித்தார் என்று அதனை இன்று பலரும் நினைவுகூர்வர். அந்நினைவு பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. அந்த முழக்கம் தொடக்கத்தில் இல்லை. அது எப்போது வந்தது, எக்கருவியால் வந்தது, அதனை எல்லாரும் வரவேற்றனரா என்பவற்றை ஆராய்ந்தால், பிற்காலத்து நினைவு முற்காலத்து உண்மையை எவ்வாறு மூடிவிடுகிறது என்பது விளங்கும்.

சில சொற்கள்

இக்கட்டுரையில் ஒலிபெருக்கி என்னும் சொல் ஆம்பிளிஃபயரைக் குறிக்கும். ஒலியை வெளியிடும் தாள்கூம்பு கொண்ட கருவியை ஸ்பீக்கர் என்றே வழங்குவோம். மின்கித்தாரின் கம்பி அதிரும்போது, கம்பியின் கீழுள்ள காந்தச்சுருளில் மிகச் சிறிய மின்னலை பிறக்கிறது. அதனைக் கண்ணாடிக் குமிழ்களாகிய வால்வுகள் படிப்படியாகப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன.

வால்வின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மின்னலை மீறும்போது, அலையின் முகடுகள் வெட்டுண்டு ஒலியில் கரகரப்புத் தோன்றும். எல்லை தாழ்ந்த ஒலிபெருக்கி விரைவில் கரகரக்கும். எல்லை உயர்ந்தது உரத்து ஒலிக்கையிலும் தெளிவு குன்றாது. ஒரே கித்தாரும் ஒரே விரல்களும் வெவ்வேறு ஒலிபெருக்கிகளில் வெவ்வேறு குரல் பெறுவதற்கு இது முதற்காரணம். இதனை மனத்திற்கொண்டால் மேல்வருவன எளிதில் விளங்கும்.

துணி போர்த்திய பெட்டிகளின் காலம்

இவ்வரலாற்றில் நடுநாயகமாக நிற்பவர் லியோ ஃபெண்டர். 1909ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிறந்த இவர், 1938ஆம் ஆண்டில் ஃபுல்லர்ட்டன் என்னும் சிற்றூரில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கினார். இசைக்கருவி உலகையே மாற்றிய இவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால், வாசிப்போர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கத் தெரிந்திருந்தது. குறைகளைக் கேட்பதும், கருவியைத் திருத்துவதும், திருத்தியதை மீண்டும் வாசிப்போர் கையில் கொடுத்துச் சோதிப்பதும் அவரது தொழில்முறையாக அமைந்தன.

1950ஆம் ஆண்டுகளில் அவரது நிறுவனம் செய்த ஒலிபெருக்கிகள் ட்வீட் என்னும் மஞ்சள்நிறத் துணியால் போர்த்தப்பட்டிருந்தன. அதனால் அக்காலம் ட்வீட் காலம் எனப்படுகிறது. இவ்வகைப் பெட்டிகளின் குரலில் நடு ஒலி மிகுந்து, இளஞ்சூடு பொருந்தியிருக்கும். பலவும் சற்றே உரத்து வாசித்தவுடன் கரகரக்கத் தொடங்கும். சிறு விடுதிகளில் நாட்டுப்புற இசையும் நடன இசையும் வாசித்தோர்க்கு அவை போதுமானவை. பெருமண்டபங்களுக்கு அவை போதவில்லை.

இக்கருவிகளை எண்ணும்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. பல பெட்டிகளின் உலோகச் சட்டத்தினுள், அதனை இணைத்த தொழிலாளியின் பெயர் எழுதிய சிறு ஒட்டுநாடா இன்றும் காணப்படுகிறது. அப்பெயர்களுட் பல, மெக்சிக்க வழிவந்த பெண்களுடையவை. நூற்றுக்கணக்கான கம்பிமுனைகளைப் பற்றவைத்த அக்கைகளுக்கும் இவ்விசையில் பங்குண்டு.

மண்டபம் விடுத்த அறைகூவல்

1961ஆம் ஆண்டில், நியூபோர்ட் கடற்கரையைச் சார்ந்த பல்போவா என்னுமிடத்தில் ராந்தேவூ நடனமண்டபம் இருந்தது. அங்கே இளைஞர்களை ஆயிரக்கணக்கில் ஈர்த்தவர் டிக் டேல். 1937ஆம் ஆண்டில் பிறந்த இவரது இயற்பெயர் ரிச்சர்ட் மான்சூர். தந்தைவழியில் லெபனான் நாட்டு மரபினர். இடக்கையாளராகிய இவர், வலக்கையாளர்க்கெனக் கம்பி பூட்டிய கித்தாரை அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசித்தார். தடித்த கம்பிகளை அவர் மிக விரைந்து மேலும் கீழுமாக மீட்டுவார். 1962ஆம் ஆண்டில் அவர் பதிவுசெய்த ‘மிசர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் வழங்கிய பழைய மெட்டாகும்.

இத்தகைய வாசிப்புக்கு வேண்டியது யாது? ஒவ்வொரு மீட்டும் தனித்துக் கேட்கவேண்டும். அதேவேளை மண்டபம் முழுதும் நிறையவேண்டும். வேக மீட்டலில் கரகரப்பு மிகுந்தால் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அன்றைய பெட்டிகளை இவ்வாறு வருத்தியபோது, ஸ்பீக்கர்களின் தாள்கூம்புகள் கிழிந்தன. சில பெட்டிகள் எரிந்தும் போயின என்று டேல் பின்னாளில் பன்முறை கூறியுள்ளார். லியோ ஃபெண்டரும், ஹவாயில் பிறந்த இசைஞரும் அவருடைய உடனுழைப்பாளருமான ஃபிரெடி டவாரசும் மண்டபத்திற்கே வந்து, கூட்டத்தின் நடுவே நின்று கேட்ட பிறகே சிக்கலை உணர்ந்தனர் என்பதும் டேல் சொல்லிய செய்தி. வெற்றறையில் முழங்கும் கருவி, ஆயிரம் உடல்கள் நிறைந்த கூடத்தில் அடங்கிப்போகிறது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன என்பது அறிவியல் அறிந்த உண்மையே.

இத்தேவைக்கு விடையாக வளர்ந்ததே ‘ஷோமேன்’ என்னும் ஒலிபெருக்கி. வால்வுகள் அமைந்த தலைப்பகுதி வேறு, ஸ்பீக்கர் பெட்டி வேறு எனப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தனர். 85 வாட் ஆற்றலும், அதற்கேற்ற பெரிய மின்மாற்றியும் அதற்கு வாய்த்தன. ஜே.பி.எல். நிறுவனத்தின் 15 அங்குல ஸ்பீக்கர் அதனோடு சேர்ந்தது. அந்த ஸ்பீக்கரின் நடுவே அலுமினியக் குமிழ் இருந்தமையால் மேலொலி பளிச்சிட்டது. பின்னர் அத்தகைய ஸ்பீக்கர்கள் இரண்டைக் கொண்ட ‘டூயல் ஷோமேன்’ வந்தது.

இக்காலத்துப் பெட்டிகள் துணியை விடுத்து, டோலெக்ஸ் என்னும் செயற்கைத் தோலைப் போர்த்தின. சிறியவை பழுப்புநிறம்; தலையும் உடலும் பிரிந்த பெரியவை வெளிர்நிறம். ஏறத்தாழ 1960 முதல் 1963 வரையிலான இதனைப் பழுப்புக் காலம் என்பர். ட்வீட் பெட்டியின் இளஞ்சூடு ஓரளவு எஞ்சியிருக்க, அதனினும் மிக்க தெளிவும் வலிமையும் சேர்ந்தது இக்காலத்துக் குரல். பெரிய பழுப்புப் பெட்டிகள் சிலவற்றில் அமைந்த நடுக்க ஒலியும் தனித்தன்மை உடையது. மேலொலியையும் கீழொலியையும் பிரித்து, ஒன்று ஏற மற்றொன்று இறங்குமாறு அவை மாறிமாறி அசைத்தன. நீரின்மேல் ஒளி அசைவது போன்ற உணர்வை அது தந்தது.

ஆயினும் இங்கே கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. டிக் டேலின் ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’, பெல்லேர்ஸ் குழுவினரின் ‘மிஸ்டர் மோட்டோ’ ஆகிய இரண்டும் 1961ஆம் ஆண்டின் பதிவுகள். அலைச்சறுக்கு இசையின் முதல் இசைத்தட்டுகளாகப் போற்றப்படுபவை. இவ்விரண்டிலும் கித்தார் வறண்டு, நேராக ஒலிக்கிறது. சொட்டும் நீரும் இல்லை. முழங்கும் குகையும் இல்லை.

சுருள்வில் தந்த முழக்கம்

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு. மலைமுன் நின்று கூவினால், கூவியது சற்றுப் பொறுத்துத் தனித்துத் திரும்பக் கேட்பது எதிரொலி. பெருங்கோவிலின் கல்மண்டபத்தில் கைதட்டினால், ஒலி பிரித்தறிய இயலாதவாறு தொடர்ந்து நீண்டு தேய்வது எதிர்முழக்கம். இவ்வேறுபாடு நம் பகுதியின் இசை வரலாற்றுக்கும் பயன்படுவது. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டுடன் சிங்கப்பூருக்கு வந்த ஷேடோஸ் குழுவினரைப் பின்பற்றி, இங்கே கித்தார்க் குழுக்கள் பல தோன்றின. அந்த ஆங்கிலேயக் குழுவினர் கையாண்டவை பிரிட்டனில் செய்யப்பட்ட வாக்ஸ் ஒலிபெருக்கியும், காந்தப்பதிவு வழியாக எதிரொலி தரும் கருவியுமாகும். அவர்களது ஒலியையும் கலிபோர்னிய ஒலியையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். முன்னது எதிரொலியால் அமைந்தது. பின்னது எதிர்முழக்கத்தால் அமைந்தது.

அந்த எதிர்முழக்கம் வந்த வழி வியப்பிற்குரியது. நெடுந்தொலைவுத் தொலைபேசியில் நேரும் ஒலித்தாழ்வை ஆராய்வதற்கெனப் பெல் ஆய்வுக்கூடத்தில் சுருள்வில் அமைப்பு ஒன்று பயன்பட்டது. வில்லின் ஒரு முனையில் தந்த அதிர்வு, மறுமுனையை அடையக் காலம் கொள்ளும். முனைகளில் மோதி மீண்டும் மீண்டும் திரும்பும். இக்கருத்தை ஹாமண்ட் நிறுவனத்தார் தம் மின்ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டனர். வீட்டுக்கூடத்தில் வாசிக்கும் ஆர்கன், தேவாலயத்தில் வாசிப்பதுபோல் ஒலிக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அச்சுருள்வில்லைக் கொண்டே 1961ஆம் ஆண்டில் ஃபெண்டர் நிறுவனம் தனிப் பெட்டியாக எதிர்முழக்கக் கருவியை வெளியிட்டது. தம் பாட்டுக்குரல் வறண்டிருந்தமையால் அதனை நீட்டித்துத் தரவே இத்தகைய கருவியைத் தாம் விரும்பியதாக டேல் கூறியுள்ளார். குரலுக்கெனத் தேடியது கித்தாருக்கு அணியாயிற்று.

இப்பெட்டியில் மூன்று திருகுகள் உண்டு. ஒன்று, வில்லினுள் எவ்வளவு வலிமையாக ஒலியைச் செலுத்துவது என்பதை ஆளும். மற்றொன்று, வறண்ட ஒலியும் முழங்கும் ஒலியும் கலக்கும் அளவை ஆளும். மூன்றாவது, முழக்கத்தின் ஒளிர்வை ஆளும். வில்லை வலிமையாகத் தாக்கி, கம்பியை உள்ளங்கையால் சற்றே அடக்கி மீட்டினால் ‘சொட்’டென்று நீர் வீழும் ஓசை எழும். இக்கருவி கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் வைக்கப்பட்டது. ஆகவே, வில்லின் முழக்கம் ஒலிபெருக்கியின் எல்லாப் படிகளையும் கடந்து, அதன் குரலோடு முழுதும் இணைந்து வெளிவந்தது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்கா எங்கும் ஒலித்த சாண்டேஸ் குழுவினரின் ‘பைப்லைன்’ இம்முழக்கத்திற்கு நல்ல சான்று. அதனை இயற்றி வாசித்தோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே என்பதை நம் மாணவர்கள் அறிந்தால் மகிழ்வர்.

ஆனால், இப்புதுமையை எல்லாரும் ஏற்கவில்லை. ‘மிஸ்டர் மோட்டோ’வைத் தந்த பெல்லேர்ஸ் குழுவில் எடி பெர்ட்ராண்ட், பால் ஜான்சன் என்னும் கித்தார்க்கலைஞர் இருவர் இருந்தனர். இரு கித்தார்களும் ஒன்றையொன்று தழுவிப் பின்னும் அழகே அக்குழுவின் உயிர். எதிர்முழக்கம் வந்தபோது பெர்ட்ராண்ட் அதனை விரும்பினார், ஜான்சன் விரும்பவில்லை. இக்கருத்து வேறுபாடு முற்றி, 1963ஆம் ஆண்டில் அக்குழு பிரிந்தது. பெர்ட்ராண்ட் தொடங்கிய புதுக்குழுவின் பெயர் ‘எடி அண்ட் தி ஷோமென்’. ஒலிபெருக்கியின் பெயரே குழுவின் பெயராயிற்று! ஒரு பெட்டிக்குள் கிடந்த சுருள்வில் இரு நண்பர்களைப் பிரித்ததெனின், அதனை வெறும் தொழில்நுட்பச் செய்தி என்று ஒதுக்க இயலுமோ? தெளிவா, முழக்கமா, எது நம் இசை என்னும் வினா அங்கே எழுந்தது. வென்றது முழக்கம். வென்றதே தொடக்கமுதல் இருந்தது என்று பின்வந்தோர் எண்ணிவிட்டனர்.

கறுப்பு முகப்பின் காலம்

1963ஆம் ஆண்டில் ஃபெண்டர் நிறுவனம் ‘வைப்ரோவெர்ப்’ என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் பெட்டிகளுள் எதிர்முழக்கத்தைத் தன்னுள்ளேயே கொண்ட முதற்பெட்டி அதுவே. அதனை அடுத்து, திருகுகள் அமைந்த முகப்பும் போர்வையும் கறுப்பாக அமைந்த பெட்டிகள் வந்தன. ‘ட்வின் ரிவெர்ப்’, ‘டீலக்ஸ் ரிவெர்ப்’ முதலியன அவ்வகையின. இக்கறுப்புக் காலப் பெட்டிகளில் நடு ஒலி சற்றுக் குழிந்து, கீழொலியும் மேலொலியும் எழுந்து நிற்கும். கண்ணாடி போன்ற தெளிவு என்று அவற்றைப் பாராட்டுவர். நடுக்க ஒலியின் அமைப்பும் மாறியது. ஒலிகளைப் பிரித்து அசைக்கும் பழுப்புக் கால முறையை விட்டு, சிறு நியான் விளக்கின் சிமிட்டலால் முழு ஒலியையும் கூட்டிக் குறைக்கும் எளிய முறை வந்தது.

எதிர்முழக்கமும் உள்ளே வந்தமையால் மாறியது. மூன்று திருகுகள் இருந்த இடத்தில் ஒரு திருகே எஞ்சியது. வில்லைத் தாக்கும் வலிமையை வாசிப்போர் தனியே ஆள இயலவில்லை. முழக்கம் ஒலிபெருக்கியின் முற்படிகளுக்குப் பின்னரே கலந்ததால் மென்மையாயிற்று; சொட்டும் ஓசை குறைந்தது. தூக்கிச் செல்லும் சுமை ஒன்று குறைந்தது என்னும் வசதியே வாசிப்போர் பெற்றது. பெயர் ஒன்றாயினும் ஒலி ஒன்றன்று.

இங்கே காலவரிசை ஒரு பாடம் கற்பிக்கிறது. 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கா சென்றனர். இளைஞர் உள்ளம் அவர்கள்பால் திரும்ப, அலைச்சறுக்கு இசை தணியலாயிற்று. எனவே, கறுப்பு முகப்புப் பெட்டிகள் கடைகளில் நிறைந்தபோது, அவ்விசையின் பொற்காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது. ‘மிசர்லூ’வும் ‘பைப்லைனும்’ கறுப்புக் காலத்திற்கு முற்பட்டவை. ஆயினும், இன்று அலைச்சறுக்கு இசை என்றவுடன் பலர் கறுப்பு முகப்புப் பெட்டியையே மனத்தில் காண்கின்றனர். காரணம் எளியது: அப்பெட்டிகள் மிகுதியாகப் பிழைத்து நிற்கின்றன, கண்முன் நிற்பது தொன்மையானது என்று தோன்றுகிறது.

விற்பனையும் வெள்ளி முகப்பும்

உடல்நலம் குன்றிய லியோ ஃபெண்டர், 1965ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அந்நாளோடு நல்ல ஒலி மறைந்தது என்று கூறுவோர் உண்டு. பழம்பொருள் சேர்ப்போர் அந்த ஆண்டையே எல்லைக்கல்லாக நட்டு, முன்னதற்கு ஒரு விலையும் பின்னதற்கு ஒரு விலையும் வைப்பர்.

உண்மை அவ்வளவு கூர்மையானதன்று. விற்பனைக்குப் பின்னரும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அதே கறுப்பு முகப்புப் பெட்டிகள், அடிப்படையில் அதே மின்சுற்றோடு வெளிவந்தன. 1967ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் வெள்ளி நிற முகப்புத் தோன்றியது. 1968 முதல் மின்சுற்றில் சில மாற்றங்கள் புகுந்தன. 1970ஆம் ஆண்டுகளில் ஆற்றல் மேலும் உயர்ந்து, சில பெட்டிகள் 135 வாட்டை எட்டின. கரகரப்பு எழும் எல்லை மேன்மேலும் உயர, ஒலி தூய்மை பெற்றது. ஆனால் பழைய நெகிழ்ச்சி குறைந்து இறுக்கமும் பெற்றது. ஆட்சி மாறிய நாளும் ஒலி மாறிய நாளும் ஒன்றல்ல என்பதே நாம் கொள்ளத்தக்கது. மன்னர் மாறிய ஆண்டில் மக்கள் வாழ்வும் மாறிவிட்டது என்று பாடநூல் எழுதுவோர் செய்யும் பிழை இதனை ஒத்தது.

சான்று காணும் முறை

காலத்தை அறிவது எங்ஙனம்? பெட்டியின் நிறம் முதற்குறிப்பு. ஆனால் போர்வையை மாற்றிவிடலாம். உறுதியான சான்று உள்ளே இருக்கிறது. மின்மாற்றியிலும் ஸ்பீக்கரிலும் பொறித்த எண்கள், செய்த நிறுவனத்தையும் ஆண்டையும் வாரத்தையும் சுட்டும். காட்டாக, ஒரு ஸ்பீக்கரில் 220312 என்றிருந்தால், 220 என்பது ஜென்சன் நிறுவனம். 3 என்பது ஆண்டின் இறுதி எண். 12 என்பது வாரம். ஆனால் அந்த 3 குறிப்பது 1953ஆ, 1963ஆ? எண் மட்டும் விடை தராது. மின்மாற்றியின் எண், மின்சுற்றின் அமைப்பு, பெட்டியின் வடிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும். ஒரே கல்வெட்டை மட்டும் நம்பாமல், எழுத்தமைதியும் பிற சான்றுகளும் நோக்கிக் காலம் கணிக்கும் ஆய்வாளரின் முறையும் இதுவே.

1994ஆம் ஆண்டில் ‘பல்ப் ஃபிக்ஷன்’ என்னும் திரைப்படத்தின் தொடக்கத்தில் ‘மிசர்லூ’ ஒலித்தபோது, புதிய தலைமுறை இவ்விசையைக் கண்டெடுத்தது. பழைய எதிர்முழக்கப் பெட்டியும் மீண்டும் செய்யப்பட்டது. டிக் டேல் 2019ஆம் ஆண்டில் மறையும்வரை மேடையேறி வாசித்தார். புதிதாக வாசிக்கத் தொடங்கியோர் முழக்கத்தை முழுதும் திறந்துவிட்டு, இதுவே தொன்மை என்றனர். அவர்கள் ஒலித்தது 1963; அவர்கள் நினைத்ததோ 1961. இரண்டாண்டு இடைவெளிதானே என்று எண்ணலாம். அந்த இரண்டாண்டுக்குள்ளேதான் ஒரு மண்டபத்தின் தேவையும், ஒரு கைவினைஞரின் செவியும், இரு நண்பர்களின் பிணக்கும் அடங்கியுள்ளன. இடைவெளியை அழித்துவிட்டால் அவர்கள் அனைவரும் வரலாற்றிலிருந்து மறைந்துபோவர்.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் ஓர் எளிய பயிற்சியைச் செய்து பார்க்கலாம். 1961ஆம் ஆண்டின் ‘மிஸ்டர் மோட்டோ’வையும், 1963ஆம் ஆண்டின் ‘பைப்லைனை’யும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யுங்கள். எது முந்தியது, எதனால் அவ்வாறு கருதுகிறீர்கள் என்று மாணவரை வினவுங்கள். மாணவர் தம் செவியையே சான்றாகக் கொண்டு வாதிடட்டும். அதன்பின் ஆண்டுகளைக் கூறுங்கள். வரலாறு என்பது ஆண்டுகளை மனப்பாடம் செய்வதன்று, முன்னதையும் பின்னதையும் பிரித்துணரும் நேர்மையே என்பதை அவர்கள் அந்த ஒரு பாடவேளையில் உணர்வர்.